அக்காவுக்கு ஒரு பச்சைச் சுறா

கப்பல் ஏறும்போது எனக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. ஒன்று, எனக்கு வாந்தி வராது. இன்னொன்று, மீன் விஷயத்தில் என்னை ஒருத்தரும் ஏமாற்ற முடியாது. முதல் நம்பிக்கை தனுஷ்கோடிக் கரை கண்ணுக்குத் தெரிகிறபோதே போய்விட்டது. இரண்டாவது மட்டும் நீர்கொழும்பு மீன் சந்தை வரைக்கும் தாக்குப்பிடித்தது.

அது இரண்டாவது பெரிய யுத்தம் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. என் அக்காவைக் கட்டிய அத்தானுக்கு இலங்கையில், நீர்கொழும்பில், ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தலைப்பிரசவத்துக்கு அக்கா ஊருக்கு வந்திருக்க வேண்டும். குடுமியான்மலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அதற்காகப் பசுமாட்டைக்கூட விற்காமல் வைத்திருந்தார்கள். ஆனால் அக்காவுக்குக் கால் இரண்டும் வீங்கிப்போய், கப்பலேறக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். ஆத்தாவால் கிளம்ப முடியவில்லை. அப்பா ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். ஆகவே நான் போனேன். பிரசவம் பார்க்கத் தெரிந்தவள் என்பதால் இல்லை. வீட்டில் வேலை இல்லாமல் வாயடித்துக்கொண்டு திரிந்தவள் நான் ஒருத்திதான். அத்தானே வந்து கூட்டிக்கொண்டு போனார். வழி நெடுக நான் பேசினேன், அவர் கேட்டார். பாவம், கடலுக்கு நடுவில் அவர் எங்கே இறங்கி ஓடுவார்.

நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் பிள்ளை பிறந்தான். கறுப்பாக, கனமாக, ஊருக்கே கேட்கிற தொண்டையோடு பிறந்தான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. குறை அக்காவிடம் இருந்தது. பால் சுரக்கவில்லை. பிள்ளை வாயை வைத்து இழுப்பான், ஒன்றும் வராது, முகத்தைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக் கூரை பெயர்கிற மாதிரி கத்துவான். அவன் கத்தினால் அக்கா அழுவாள். அக்கா அழுதால் அத்தான் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். பசும்பாலில் தண்ணீர் விட்டுக் கொடுத்துப் பார்த்தோம், வயிற்றால் போயிற்று. கடையில் விற்கிற டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுத்தோம், அத்தனையையும் என் மேலேயே கக்கினான்.

அடுத்த வீட்டுக்காரி இல்லாவிட்டால் பிள்ளை என்ன ஆகியிருப்பானோ, நினைக்கவே பயமாக இருக்கிறது. அவள் அந்தக் கடற்கரைக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், நன்றாகத் தமிழ் பேசுவாள். அவளுக்குக் கைக்குழந்தை ஒன்று, பெண். பிள்ளை கத்துவதைக் கேட்டு முதல் நாளே வந்தவள், ஒரு வார்த்தை கேட்காமல் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து காலை, மதியம், பொழுது சாய்ந்த பிறகு என்று வந்து கொடுத்துவிட்டுப் போனாள். ராத்திரி அவன் அழுதால் சுவரைத் தட்டுவோம், எழுந்து வருவாள். ஆனால் அவள் புருஷனுக்கு மன்னாரில் வேலை கிடைத்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். அதற்குப் பிறகு சுவரைத் தட்டினால் யார் வருவார்கள்? வீட்டில் எல்லார் மனதிலும் இந்த ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. கொடுக்கிற மாதிரி கொடுத்துப் பழக்கிவிட்டு, பாதியில் விட்டுவிட்டுப் போகிறாளே என்று.

வெள்ளிக்கிழமை காலையில் அவள்தான் சொன்னாள்.

"பச்சைச் சுறா வாங்கிப் புட்டு அவிச்சுக் குடுங்க. எனக்கும் அப்படித்தான் பால் வந்தது. எங்கட பக்கம் பிள்ளை பெத்த எல்லாருக்கும் அதுதான்."

"கருவாடு ஆகாதாங்க? எங்க ஊருச் சந்தையில அதுதானே கெடைக்கும்" என்றாள் அக்கா.

"கருவாடு உப்பு. பச்சை மீனாப் பார்த்து வாங்குங்க."

எங்கள் ஊரில் சுறா என்றால் சந்தையில் அடுக்கி வைத்திருக்கும் கருவாட்டுத் துண்டுதான். மரப்பட்டை மாதிரி இருக்கும். அதற்கு ஒரு காலத்தில் தலையும் வாலும் இருந்திருக்கும், அது தண்ணீரில் ஓடியிருக்கும் என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை. இருந்தாலும் கூடையை எடுத்துக்கொண்டு நான்தான் கிளம்பினேன். அத்தான் கடைக்குப் போய்விட்டார். "பாத்து வாங்குடி. ஏமாத்திப்புடுவாங்க" என்றாள் அக்கா. என்னையா, என்று சிரித்துக்கொண்டேன்.

என் மீன் ஞானத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் மீன் என்றால் கண்மாய் மீன். விரால், கெளுத்தி, கெண்டை, குரவை. யாராவது விற்க வந்தால் பானையில் தண்ணீரோடு கொண்டு வருவார்கள். மூடியைத் திறந்ததும் உள்ளே படார் என்று ஒரு அடி அடிக்க வேண்டும். அடித்தால் வாங்குவோம். அடிக்காவிட்டால், "அடுத்த வீட்டுல கேட்டுப் பாருங்க" என்போம். செத்த மீன் என்பது கோடையில் தண்ணீர் கெட்டுப்போய் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதப்பது. அதைக் காக்காய்கூட யோசித்துத்தான் கொத்தும்.

நீர்கொழும்புச் சந்தையில் தென்னோலையை விரித்து மீன்களைக் கிடத்தியிருந்தார்கள். கிடத்தியிருந்தார்கள் என்பதுதான் சரியான சொல். ஒன்றும் அசையவில்லை. சீலா, பாரை, சூரை என்று ஆளுக்கு ஒரு பெயரைக் கூவினார்கள். என் கை நீளத்துக்கு ஒன்று, என் உயரத்துக்கு ஒன்று, விசிறியை மிதித்துத் தட்டையாக்கியது போலத் திருக்கை ஒன்று. அத்தனையும் பிணம். சந்தையைச் சுற்றி வந்தேன், மறுபடி சுற்றினேன். எங்கேயாவது ஒரு வால் ஆடுகிறதா என்று பார்த்தேன். நண்டுகள் மட்டும் கட்டிப்போட்ட கயிற்றுக்குள் காலை அசைத்துக்கொண்டிருந்தன. பிள்ளை பெற்றவளுக்கு நண்டு கொண்டுபோய் என்ன செய்ய?

ஒரு மீன்காரியின் ஓலையில் சுறா இருந்தது. அவளே சொன்னதால் தெரிந்தது. சாம்பல் நிறம், கூர் மூக்கு, வாய் எங்கே என்று தேடினால் தாடைக்கு அடியில். முதுகில் ஒரு துடுப்பு. அதுவும் அசையாமல் கிடந்தது.

"ஏங்க, உயிரோட இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்குப் பிள்ளை? வளர்க்கவா?"

"சாப்பிடத்தான். செத்த மீனை யாரு வாங்குவா?"

"இங்க எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க" என்றவள், சுறாவை விட்டுவிட்டு ஒரு பாரையின் செவுளைத் தூக்கிக் காட்டினாள். "பாரு. ரத்தமாச் சிவந்து கிடக்கு. எல்லாம் காலையில பிடிச்சது."

"செத்துப்போனவுகளுக்குக்கூட அன்னைக்கு ஒடம்புல ரத்தம் இருக்கத்தாங்க செய்யும்" என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மீன்காரி சிரிக்கவில்லை. கடல் மீன் கரைக்கு வந்தால் செத்துத்தான் போகும், அதற்கு அவள் என்ன செய்வாள், வெற்றிலை பாக்கு வைத்து உயிரோடு அழைத்து வர முடியுமா என்று பொரிந்து தள்ளினாள். நான் விடவில்லை. பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளுக்குச் செத்ததைக் கொடுக்கச் சொல்கிறீர்களே, நீங்கள் பிள்ளை பெற்றதில்லையா என்று கேட்டேன். கடைசியில் அவள் என்னைத் தன் ஓலைக்கு முன்னால் நிற்க வேண்டாம் என்று கையைக் காட்டி, "உயிரோடதான் வேணும்னா விடியக்காலையில வலை இழுக்குற கரைக்குப் போ. அங்க துள்ளும். போய்ப் பிடிச்சுக்கோ" என்றாள்.

கோபத்தில் சொன்னதை நான் வழிகாட்டியதாக எடுத்துக்கொண்டு, காலிக் கூடையோடு வெற்றி வீராங்கனையாக வீடு திரும்பினேன்.

அக்கா கூடையைப் பார்த்தாள். "எங்கடி மீனு?"

"எல்லாம் செத்துக் கெடக்குதுக்கா. நாளைக்கு உயிரோட கெடைக்குமாம்."

"ஒனக்கு உயிரோட வேணுமோ? இங்கிட்டு ஒரு உயிரு காலையிலேர்ந்து கத்துறது ஒங் காதுல விழுகலையா?"

அக்கா என்னை அதற்கு முன்னால் அப்படிப் பேசியதில்லை. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அப்போது அடுத்த வீட்டுக்காரி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கை அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. நான் காலிக் கூடையை மூலையில் தள்ளினேன். நாளை சனிக்கிழமை. நாளைக்கும் சுறா இல்லையென்றால் அவ்வளவுதான்.

ராத்திரி அத்தானிடம் சொன்னேன். அவர் தயங்கினார். கரையில் ஆயிரம் பேர் இருப்பார்கள், கடைக்கு வருகிறவர்கள் யாராவது பார்த்தால் நன்றாக இருக்காது என்றார். பிறகு அக்காவின் பக்கம் பார்த்துவிட்டுச் சரி என்றார். "ஆனா ஒண்ணு. அங்க நீ வாயைத் தெறக்காத. நான் பேசுறேன்."

விடியும்போது கரையில் இருந்தோம். அத்தான் கடைக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். கடலில் பெரிய வலையை வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள், நரைத்தவர்கள் எல்லாரும் கயிற்றில் இருந்தார்கள். கரைவலை என்றார்கள். எங்கோ தூரத்தில் கடலுக்குள் கிடக்கிற வலை, அங்குலம் அங்குலமாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. "சுறா விழுகுமாங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன். "இந்த நாளில குட்டிச் சுறா தினமும்தான் வரும்" என்றார். வாயைத் திறக்காதே என்ற அத்தான் அருகில் இல்லை. பேசுகிறேன் என்று வந்தவர் ஒரு தென்னை மரத்தடியில் ஒதுங்கி நின்று, வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலை கிட்ட வந்தது. தண்ணீர் கொதிப்பதைப் போல மீன்கள் புரண்டன. வெள்ளி வெள்ளியாக எம்பி விழுந்தன. உயிருள்ள மீன்கள்! என் கைகள் பரபரத்தன. அந்த நேரம் பார்த்து, கரையில் மேடான மணலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே வீசினார்.

இதைப் புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அறுவடை முடிந்து கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும், மீன் பிடிக்க ஒரு நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஊத்தாவோடு வந்து கரையில் காத்து நிற்கும். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை, அதை மீன்மேல் கவிழ்த்துப் பிடிப்போம். ஊர் அம்பலக்காரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அது ஆடியதுதான் தாமதம், அத்தனை பேரும் தண்ணீரில். அதற்கப்புறம் மாமனார் என்று மருமகள் பார்ப்பதில்லை, வாத்தியார் என்று யாரும் ஒதுங்குவதில்லை. கையில் அகப்பட்டது அவரவருக்கு. அன்றைக்குக் கரையில் நின்றுகொண்டே இருப்பவர்தான் பைத்தியக்காரர்.

நான் பைத்தியக்காரி இல்லை. துண்டு ஆடியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தேன்.

முதல் அலை மார்பில் அடித்தது, வாயில் உப்பு. கண்மாயில் அலை கிடையாது என்று அப்போதுதான் நினைவு வந்தது. காலுக்கடியில் ஏதோ கயிறு தட்டுப்பட்டது, அதன்மேல் ஏறி நின்றேன். வலையின் விளிம்புக்குள் நேற்றுச் சந்தையில் பார்த்த அதே மூக்கும் அதே துடுப்பும் என் தொடைப் பக்கமாக ஓடின. விராலைப் பிடிக்கிற மாதிரி தலையை மேலிருந்து அமுக்கி, செவுளுக்குப் பின்னால் கட்டை விரலைக் கொடுத்தேன். விரால் என்றால் வழுக்கும். இது அரத்தில் கையை வைத்தது போல் இருந்தது. முழங்கைத் தோல் உரிந்தது. விடவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, முந்தானையால் சுற்றி, கரைக்கு ஏறிவிட்டேன்.

ஏறிப் பார்த்தால் கயிற்றைப் பிடித்தவர்கள் பிடித்தபடியே நிற்கிறார்கள். என்னைத் தவிர ஒருவரும் இறங்கவில்லை.

நான் மிதித்து நின்றது வலையின் மேல் கயிறு. அது தாழ்ந்த இடத்தில் மடவை மீன் கூட்டம் ஒன்று வரிசையாக எம்பிக் குதித்துக் கடலுக்கே போய்விட்டதாம். துண்டை வீசியது, இரண்டு பக்கமும் நிதானமாக இழுங்கள், மடி கரை தட்டுகிறது என்று சொல்வதற்காம். மடி என்றால் வலையின் கடைசியில் மீன் சேர்கிற பை. எனக்கு யார் சொன்னார்கள்?

துண்டு வீசிய பெரியவர்தான் வலைக்குச் சொந்தக்காரர். சம்மாட்டி என்று அழைத்தார்கள். அவர் என் முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கயிறு இழுத்த அத்தனை பேரும் நின்றார்கள்.

"யார் வீட்டுப் பிள்ளை நீ? என்ன வேலை பார்த்திருக்கிற, விளங்குதா?"

"நீங்கதானே துண்டு வீசினீங்க?" என்றேன்.

"வீசினா?"

"வீசினா எறங்கணும்ல!"

அவருக்குப் புரியவில்லை. நான் மூச்சு விடாமல் சொன்னேன். எங்கள் கண்மாய், எங்கள் அம்பலக்காரர், எங்கள் துண்டு, ஊத்தா, எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானைக்குள் சுறா அடித்துக்கொண்டிருந்தது. அது ஒரு அடி அடிக்க, நான் ஒரு வார்த்தையை விழுங்க, முதலில் ஒரு பெண் சிரித்தாள், அப்புறம் இன்னொருத்தி. சம்மாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"அது உங்கட குளம். இது எங்கட கடல். இத்தனை பேர் இருட்டுலேருந்து இழுத்திருக்காங்க. துள்ளிப் போனது இவங்க வீட்டுச் சாப்பாடு. அந்த மீனைக் கீழ போடு."

"போட மாட்டேன்."

"போடு பிள்ளை."

"போட மாட்டேங்க. எங்க அக்காவுக்குப் பால் இல்ல. பால் குடுக்குறவுக நாளைக்கு ஊருக்குப் போறாக. இதைக் குடுத்தாத்தான் பால் வருமாம். நீங்க வேற என்ன வேணாலும் சொல்லுங்க, செய்யிறேன்."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் ஆரம்பித்து அழுகையில் முடிவது எனக்கு எப்போதும் உள்ள வழக்கம். பெண்களில் ஒருத்தி ஏதோ அவர்களுக்குள் சொன்னாள். சம்மாட்டி என் முழங்கையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார்.

"உங்கட ஊர்ல துண்டு வீசினா பிடிக்கலாம். சரி. இந்தக் கரையில கயிறு பிடிச்சவங்களுக்குத்தான் பங்கு. அடுத்த வலைக்கு நீ கயிறு பிடி. பிடிச்சா அது உன்ட பங்கு. கூட யாரும் வந்திருக்காங்களா?"

நான் திரும்பித் தென்னை மரத்தைப் பார்த்தேன். ஊரே திரும்பித் தென்னை மரத்தைப் பார்த்தது. அத்தான் இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்!" என்று கூப்பிட்டேன்.

கடைக்குத் துணி வாங்க வருகிற இரண்டு மூன்று பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். "அட, கடைக்காரத் தம்பி!" என்று அவர்கள் ஆரவாரமாக வரவேற்றார்கள். வெள்ளைச் சட்டையோடு அவரையும் கயிற்றில் சேர்த்துவிட்டார்கள்.

சுறாவை ஈர மணலில் வைத்து ஓலையால் மூடினார்கள். படகு மறுபடி போய் வலையை வளைத்துப் போட்டு வந்தது. நாங்கள் இழுத்தோம். கயிறு இழுப்பது கையால் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். இடுப்பால், காலால், பல்லைக் கடித்துச் செய்கிற வேலை அது. வெயில் ஏறியது. உள்ளங்கை கொப்புளித்தது. எனக்கு முன்னால் அத்தான் ஒரு அடி பின்னால் வைத்தால் இரண்டு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். "ஒன்னைக் கூட்டிட்டு வந்ததுக்கு எனக்கு இது வேணும்" என்று முனகினார். ஆனால் ஒரு முறைகூடக் கயிற்றை விடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மடி கரைக்கு வந்து, சம்மாட்டி மறுபடியும் துண்டைத் தூக்கினார். அதற்கு முன்னால் என் பக்கம் பார்த்து, "நீ நில்லு!" என்றார். கரை முழுதும் சிரித்தது. இந்த முறை அவரும் சிரித்தார்.

பங்கு வாங்கப் போய் ஓலையை விலக்கிப் பார்த்தேன். சுறா செத்துப்போயிருந்தது.

உயிரோடுதான் வேண்டும் என்று சந்தையையே இரண்டாக்கிவிட்டு வந்தவள், கடைசியில் செத்த மீனைத்தான் கூடையில் போட்டுக்கொண்டு வந்தேன். போகிற வழியில் சந்தையைத் தாண்ட வேண்டியிருந்தது. நேற்றைய மீன்காரி என்னையும், நனைந்த சேலையையும், கூடையையும், பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்த அத்தானையும் பார்த்தாள். "கிடைச்சுதா பிள்ளை?" என்று கேட்டாள். கிடைத்தது என்று மட்டும் சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டேன்.

வீட்டில் அக்கா கூடையைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தாள். என் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி மூட்டை கட்டுகிற வேலையைப் போட்டுவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, சதையை உதிர்த்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கச் சொன்னாள். நான் வதக்கினேன். பச்சைப் பிள்ளைக்காரிக்கு மிளகாய் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். என் கை மிளகாய் டப்பாப் பக்கம் போனதைப் பார்த்திருக்கிறாள். அக்கா வாய் முழுக்கச் சாப்பிட்டாள். மதியமும் சாப்பிட்டாள், ராத்திரியும் சாப்பிட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ சாப்பிட்ட வாயிலிருந்தே பால் வந்துவிடும் என்கிற மாதிரி. அன்று பொழுது சாய்ந்தும் ஒன்றும் வரவில்லை. சுவரைத் தட்டித்தான் படுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அக்கா என்னை உலுக்கினாள். "ஏய், எந்திரிடி. ரவிக்கை நனைஞ்சிருக்கு."

எழுந்து பார்த்தேன். பிள்ளை குடித்துக்கொண்டிருந்தான். முகத்தைச் சுருக்கவில்லை, கத்தவில்லை. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. விழுங்குகிற சத்தம் கேட்டது. அத்தான் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வாசலுக்கே போய், யாருக்கும் தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்தார். சுறாவால் வந்ததா, வருகிற நேரம் வந்ததால் வந்ததா, எனக்குத் தெரியாது. சுறாவால்தான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். கொப்புளித்த கைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

காலையில் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. பெட்டியும் பாயும் பாத்திரமும் ஏற்றினார்கள். அடுத்த வீட்டுக்காரி தன் பெண்ணைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வழக்கம்போல எங்கள் வீட்டுக்குள் வந்தாள். நடந்துகொண்டே சட்டை ஊக்கைக் கழற்றினாள்.

"பால் வந்திருச்சுங்க!" என்று நான் கத்தினேன். எனக்கு எங்கே பொறுமை.

"வந்துட்டுதா? மாதாவே" என்று சிரித்தாள். நல்ல சிரிப்புதான். ஆனால் கழற்றிய ஊக்கு அவள் விரலில் அப்படியே நின்றது. அதை மறுபடி மாட்டப் போனாள். மாட்ட வரவில்லை. கதவருகிலேயே நின்றுகொண்டு, பிள்ளை குடிப்பதைப் பார்த்தாள். "நல்லது. நல்லது" என்றாள். அவள் கிளம்புவதற்குள் எங்கள் வீட்டில் அவளுக்கு வேலை முடிந்துவிட்டது.

விடிந்ததிலிருந்து அக்கா பிள்ளையை ஒரு கணம்கூடக் கீழே விட்டிருக்கவில்லை. என்னிடம்கூடத் தரவில்லை. அவள் இப்போது, குடித்துக்கொண்டிருந்தவனை மார்பிலிருந்து மெல்ல விலக்கினாள். அவன் கத்தினான்.

"இன்னும் அவனுக்கு வயிறு நெறையலங்க" என்றாள் அக்கா, அவனைத் தூக்கி நீட்டி. "எங்கிட்ட அவ்வளவு இல்ல. நீங்க குடுத்துட்டுப் போங்க."

அவன் வயிறு முட்டக் குடித்திருந்தான். கடைவாயில் பால் வழிந்துகொண்டிருந்தது. அதை எல்லாரும் பார்த்தோம். அடுத்த வீட்டுக்காரியும் பார்த்தாள். அவள் அவனை வாங்கிக்கொண்டு, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள். வண்டிக்காரன் வெளியிலிருந்து குரல் கொடுத்தான். அவள் புருஷனும் கூப்பிட்டான். நான் வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, கொஞ்சம் பொறுங்கள், பிள்ளை சாப்பிடுகிறான் என்று சொன்னேன்.